ஏணி வேண்டாத செர்ரி

மைனஸ் 40 பாகைக் குளிரிலும் சாகாது. ஆளுயரத்தில் நின்று காய்க்கும். கனடிய வீடுகளின் பின்வளவுக்குள் நுழைந்திருக்கும் புதர்ச் செர்ரியை நட்டவர் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அதன்பிறகு பறவையோடும் ஈயோடும் பங்கு பிரிக்க வேண்டும்.

பெப்ரவரிக் காலை. சஸ்கட்டூன் நகரத்தில் ஒரு குடியிருப்புத் தெரு. வீட்டு வாசலில் நிற்கும் ஒவ்வொரு காரின் மூக்கிலிருந்தும் ஒரு மின்கம்பி தொங்குகிறது. இரவு முழுவதும் எஞ்சினுக்குச் சூடு கொடுக்காவிட்டால் விடிய வண்டி கிளம்பாது. வெளியே வந்து இரண்டு தரம் மூச்சிழுத்தால் மூக்குமயிர் விறைத்துக் குத்துகிறது. வெப்பமானி மைனஸ் 40 காட்டுகிறது. செல்சியஸும் பாரன்ஹீட்டும் சந்திக்கும் ஒரே எண் இது என்பதால், எந்தக் கணக்கில் என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்குப் பின்னால் முழங்காலளவு பனி. அதற்குள்ளிருந்து செம்பழுப்பு நிறத்தில் சில குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பார்த்தால் அடுப்பெரிக்கக்கூட ஆகாது போலிருக்கும். பனிமட்டத்துக்குச் சற்று மேலே ஒரு குச்சியின் பட்டை வெள்ளையாக உரிந்திருக்கிறது. இரவில் முயல் வந்து கறித்துவிட்டுப் போன அடையாளம். ஐந்து மாதம் போகட்டும். ஜூலைக் கடைசியில் அதே குச்சிகளில் கறுப்பை எட்டிய சிவப்பில் செர்ரி கொத்துக் கொத்தாகத் தொங்கும். பத்து வயதுப் பிள்ளை நிலத்தில் நின்றபடியே பறித்துவிடலாம்.

இதுதான் புதர்ச் செர்ரி. சித்திரை பிறந்ததும் ஒன்ராறியோவின் தோட்டக் கடை வாசல்களில் இதன் கன்றுகள் வந்து இறங்கத் தொடங்கும். கத்தரி, மிளகாய், வெண்டி நாற்று வாங்கப் போகிறவர்களின் கண், பழப்படம் ஒட்டிய அந்தச் சட்டிகளைத் தாண்டிப் போவது கஷ்டம். ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ப்டன் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் இருபதடி புல்தரை மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கேள்வி ஒன்றுதான். மாவும் பலாவும் தேசியும் நிற்காத நிலத்தில் இது நிற்குமா?

நிற்கும். நின்றபிறகு என்னென்ன நடக்கும் என்பது அந்தச் சட்டியில் ஒட்டிய படத்தில் இல்லை.

பிள்ளையைத் தாய்வீட்டில் கட்டிக்கொடுத்த கதை

செர்ரியில் இரண்டு பெரிய சாதிகள் உண்டு. கையிலெடுத்து அப்படியே தின்னும் இனிப்புச் செர்ரி ஒன்று. பை, ஜாம், சாறு என்று அடுப்படிக்குப் போகும் புளிப்புச் செர்ரி மற்றது. புளிப்புச் செர்ரி பிறந்ததே ஒரு கலப்பில்தான். இனிப்புச் செர்ரியும், கிழக்கு ஐரோப்பா முதல் சைபீரியா வரை புல்வெளிகளில் முளைக்கும் குட்டைச் செர்ரியும் இயற்கையில் சேர்ந்து உண்டான பிள்ளை அது. அந்தக் குட்டைச் செர்ரிக்குத் தாவரவியலார் வைத்த பெயர் புரூனஸ் ஃபுருட்டிகோசா. உயரம் இல்லை, பழம் வாயைச் சுண்டும், ஆனால் எந்தக் குளிருக்கும் அசையாது.

1940களில் கனடாவின் பிரெய்ரிச் சமவெளியில் லெஸ் கெர் என்ற தாவர வளர்ப்பாளர், புளிப்புச் செர்ரியை மறுபடியும் அந்தக் குட்டைச் செர்ரியோடு இணைத்தார். பிள்ளையைத் தாய்வீட்டிலேயே கட்டிக்கொடுத்ததுபோல. பழம் ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும், செடி பனியைத் தாங்க வேண்டும் என்பது கணக்கு. விதை போட்டு, செடி வளர்ந்து, அது காய்த்து, காய் தேறுமா தேறாதா என்று சொல்லவே நாலைந்து வருடம் ஓடிவிடும். அப்படி ஒரு தலைமுறை, அதிலிருந்து இன்னொரு தலைமுறை என்று எண்ணினால் ஒரு மனிதனின் உத்தியோக காலம் போதாது. கெர் சேர்த்த செடிகளை அடித்தளமாக வைத்துச் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் வேலையைத் தொடர்ந்தது. 'கார்மைன் ஜுவல்' என்ற முதல் ரகம் வெளியே வந்தது 1999இல். அடுத்த சில வருடங்களில் ரோமியோ, ஜூலியட், கியூபிட், வலன்டைன், கிரிம்சன் பாஷன் என்று ஐந்து ரகங்கள் ஒன்றாக வந்தன. அந்த வரிசைக்குப் பல்கலைக்கழகம் சூட்டிய பெயர் 'ரொமான்ஸ்'. அரை நூற்றாண்டுக்குமேல் பொறுத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் சினிமாத்தனம் பண்ண உரிமை உண்டுதான்.

பக்கத்து அல்பேர்ட்டா மாகாணத்தில் நடந்தது வேறு கதை. எட்மன்ரனுக்கு அருகே ஃபோர்ட் சஸ்காச்சுவான் பகுதியில் ஒரு பழைய பண்ணையில் 1920களிலிருந்தே புளிப்புச் செர்ரி மரங்கள் காய்த்துக்கொண்டிருந்தன. அந்தக் குளிரில் செர்ரி நிற்காது என்று தோட்டக்கலைப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அவை பாட்டுக்குக் காய்த்தன. 1970களில் இயுவான் எவன்ஸ் என்ற தோட்டக்கலையாளர் அவற்றைக் கண்டு, கன்றெடுத்துப் பரப்பினார். இன்று 'எவன்ஸ்' என்ற பெயரில் கடைகளில் விற்பது அந்த மரத்தின் வழித்தோன்றல்தான். ஆனால் அது புதரல்ல, சிறு மரம். இந்தக் கட்டுரையின் எல்லைக்குக் கொஞ்சம் வெளியே நிற்கிறது.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: நான்கிங் செர்ரி. சீனா, கொரியா, திபெத்துப் பக்கத்துச் செடி. இலையின் அடியில் வெல்வெட் தடவியதுபோல மென்மயிர். இலை வருமுன்னே கிளை முழுக்க வெளிர் ரோஜா நிறத்தில் பூக்கும். அந்த ஒரு வாரத்துக்காகவே வைப்பவர்கள் இருக்கிறார்கள். சிறு பழம், மெல்லிய தோல், காம்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பறித்த பழம் மறுநாளே நசிந்துவிடும். பெட்டியில் அடுக்கி லொறியில் ஏற்ற முடியாத பழத்தைக் கடைக்காரர் எப்படி விற்பார்? இதைத் தின்ன விரும்புகிறவர் நட்டே ஆக வேண்டும்.

பெட்டிச் செய்தி: எந்த ரகம் என்ன குணம்?

கார்மைன் ஜுவல்: முதலில் பழுப்பது, ஒன்ராறியோவில் ஜூலை. கொட்டை சிறியது. சதையும் சாறும் கடுஞ்சிவப்பு. புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பொருத்தம்.

ஜூலியட்: கையிலெடுத்துத் தின்ன ஏற்றது. ரோமியோ: பிந்திப் பழுக்கும், சாற்றுக்குப் பேர்போனது.

கியூபிட்: வரிசையில் பெரிய பழம். மற்றவற்றைவிடச் சில நாள் பிந்திப் பூப்பதால் வசந்த உறைபனிக்குத் தப்பும் வாய்ப்பு அதிகம்.

வலன்டைன்: பளிச்சென்ற சிவப்பு, நல்ல காய்ப்பு, புளிப்பும் தூக்கல். பைக்கும் ஜாமுக்கும்.

கிரிம்சன் பாஷன்: எல்லாவற்றிலும் இனிப்பு. வளர்ச்சியும் காய்ப்பும் சற்று மந்தம்.

நான்கிங்: ஒற்றைச் செடி பெரும்பாலும் காய்க்காது, இரண்டு வேண்டும். சஸ்காச்சுவான் ரகங்கள் தன்மகரந்தச் சேர்க்கை உள்ளவை, ஒன்றே போதும்.

உயரம் குறைந்ததால் மாறியது

ரொறன்ரோவின் குளிர் சஸ்கட்டூன் அளவுக்குக் கொடியதல்ல. நயாகரா பக்கத்தில் செர்ரி மரத்தோட்டங்களே இருக்கின்றன. பிறகு இங்குள்ளவர்களுக்கு மைனஸ் 40 தாங்கும் செடி எதற்கு?

உயரத்துக்காக. வெட்டாமல் விட்ட இனிப்புச் செர்ரி மரம் பத்து மீற்றர்கூடப் போகும். நகரத்து வளவில் அது நின்றால் பாதி நிழல் பக்கத்து வீட்டுக்கு. உச்சியிலுள்ள பழம் முழுவதும் பறவைக்கு. கையெட்டும் கிளையில் இருப்பதுதான் வீட்டுக்காரருக்கு. மருந்தடிக்கவோ வலை போடவோ ஏணியும் துணைக்கு ஓர் ஆளும் தேவை. அறுபது வயதுக்குமேல் ஏணியில் ஏறிக் கொப்பு வெட்டுவது யாருக்கும் நல்லதல்ல.

புதர்ச் செர்ரி ஏறத்தாழ இரண்டு மீற்றரில் நின்றுவிடும். இந்த ஒரு மாற்றத்தால் மற்ற எல்லாமே மாறிவிடுகிறது. ஒரு படுக்கை விரிப்பைவிடச் சற்றுப் பெரிய வலையால் முழுச் செடியையும் போர்த்தலாம். நின்றபடி கத்தரிக்கலாம். நோய் வந்த கிளை கண்ணுக்கு நேரே தெரியும். இரண்டு மீற்றருக்கு ஒன்று என வைத்தால் தனித்தனிப் புதர். ஒரு மீற்றருக்குச் சற்று அதிகமாக இடம்விட்டு வரிசையாக வைத்தால் வேலி. ஒன்ராறியோ வீடுகளில் எல்லைக்குச் சீடர் வேலி வைப்பது வழக்கம். அந்தச் சீடர் பச்சையாக நிற்பதைத் தவிர ஒன்றும் தராது. அதே இடத்தில் செர்ரி வைத்தால் மேயில் பூவும் ஜூலையில் பழமும் இலையுதிர் காலத்தில் மஞ்சள் இலையும் கிடைக்கும். மாரியில் இலை கொட்டி வெறுங்குச்சியாகிவிடும், அப்போது அடுத்த வீட்டுச் சமையலறை தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு விளைவைக் கடைக்காரர் சொல்வதில்லை. வெயிலும் வடிகாலும் நல்ல இடத்தில் வயது வந்த ஒரு செடி 20 முதல் 30 இறாத்தல் பழம் தரக்கூடும். மூன்று செடி வைத்த வீட்டில், நல்ல வருடத்தில், இரண்டு வாரத்துக்குள் முப்பது கிலோவுக்குக் கிட்ட வந்து குவியும். ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டை. கொட்டை நீக்கும் கைக்கருவி இருந்தாலும் ஒருமுறைக்கு ஒரு பழம் என்றால் எத்தனை இரவு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். சாறு தெறித்து மேசையும் சுவரும் சட்டையும் சிவக்கும். ஆகவே முதல் வருடம் ஒரு செடி, சரிவந்தால் இன்னொன்று என்று போவது புத்திசாலித்தனம்.

மே மாதத்து ஓர் இரவு

ஜனவரியில் மைனஸ் 40ஐச் சிரித்தபடி தாங்கும் செடி, மே மாதத்தில் மைனஸ் 4க்கு ஒரு வருடப் பழத்தையும் இழக்கும். செர்ரி முழுதாய்ப் பூத்திருக்கும்போது வெப்பம் மைனஸ் 2 பாகையை எட்டினால் பத்தில் ஒரு பூ கருகும். மைனஸ் 4ஐ நெருங்கினால் பத்தில் ஒன்பது போய்விடும். உறங்கும் மரத்துக்கும் பூத்த மரத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு. கருகிய பூ உடனே உதிர்வதில்லை. இதழ் வெள்ளையாகவே இருக்கும். நடுவிலுள்ள சூல்முடி மட்டும் கறுத்திருக்கும். வீட்டுக்காரர் பூவைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவின் புளிப்புச் செர்ரியில் பெரும்பங்கு விளையும் மிச்சிகன் மாநிலம் 2012இல் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் படித்தது. அந்த மார்ச் மாதம் கோடையைப்போல வெயில் அடித்தது. மரங்கள் ஏமாந்து வாரக்கணக்கில் முந்தி மொட்டவிழ்த்தன. ஏப்ரலில் குளிர் திரும்பி வந்தது. ஓரிரவல்ல, பல இரவுகள். மாநிலத்தின் புளிப்புச் செர்ரி விளைச்சலில் ஏறத்தாழ 90 வீதம் அழிந்தது. வசந்தம் முந்தி வருவதும் குளிர் பிந்திப் போவதும் ஒரே வருடத்தில் நடப்பதுதான் பழ விவசாயிகளின் பெரும் பயம்.

தோட்டக்காரர் ஆயிரம் மரத்தை மூட முடியாது. இரண்டு மீற்றர்ச் செடியைப் பழைய போர்வையால் மூட ஐந்து நிமிடம் போதும். மாலையில் மூடி, போர்வை நிலத்தைத் தொடும்படி விட்டு, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தேனீக்கு வழியில்லை. நடும்போதே இடம் பார்ப்பது இன்னும் சுலபம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப்போலப் பள்ளத்துக்கு ஓடி அங்கே தேங்கும். வளவின் தாழ்ந்த மூலை வெறுமையாகத்தான் கிடக்கிறதே என்று செர்ரியை அங்கே வைத்தவர் ஒவ்வொரு மேயிலும் வருத்தப்படுவார்.

கதியாலும் வாழைக்குட்டியும்

பழக்கன்று என்றால் ஒட்டுக்கன்று என்பதுதான் நம்மவர் எண்ணம். ஆனால் இந்தப் புதர்ச் செர்ரிகள் பெரும்பாலும் ஒட்டாமல், சொந்த வேரிலேயே வளர்க்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. யாழ்ப்பாணத்து வேலிக்குக் கதியால் நட்ட கைகளுக்கு இதன் நன்மையை விளக்கத் தேவையில்லை. பூவரசங் கதியால் துளிர்த்தால் பூவரசுதான் வரும். அதுபோல ஒரு கொடும் மாரியில் செர்ரியின் மேற்பகுதி முழுவதும் செத்தாலும், முயல் சுற்றிவர உரித்துத் தின்றாலும், வேரிலிருந்து எழும்பும் தளிர் அதே கார்மைன் ஜுவலாகவே இருக்கும். ஒட்டுமரத்தில் மேலே செத்தால் கீழிருந்து வருவது அடிக்கட்டையின் சாதி. பழம் வாயில் வைக்க முடியாமல் போகலாம்.

நன்மைக்கு விலையும் உண்டு. சொந்த வேர் என்பதால் வாழை குட்டி போடுவதுபோல இதுவும் போடும். சில வருடம் போனபின் தாய்ச்செடிக்கு ஒரு மீற்றர் தள்ளிப் புல்தரையின் நடுவில் குட்டி முளைக்கும். கவனிக்காவிட்டால் வேலிக்கு அப்பாலும் முளைக்கும். புல்வெட்டும் இயந்திரம் ஓடுகிற இடத்தில் பிரச்சினை இல்லை, வாராவாரம் வெட்டுப்படும். பக்கத்து வீட்டுக்காரரின் பூப்பாத்தியில் முளைத்தால் பேச்சு வேறுமாதிரிப் போகும். எல்லையிலிருந்து ஒன்றரை மீற்றராவது உள்ளே தள்ளி வைப்பது உறவுக்கு நல்லது.

பெட்டிச் செய்தி: நடும் நாளில்

காலம்: ஏப்ரல் கடைசியிலிருந்து மே. சட்டிக்கன்று என்றால் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் நடலாம்.

இடம்: நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத வெயில். தண்ணீர் தேங்கும் களிமண் ஆகாது. அப்படி இருந்தால் மண்ணைக் குவித்து மேடாக்கி அதன்மேல் நட வேண்டும்.

தோண்டுமுன்: ஒன்ராறியோவில் நிலத்தடி எரிவாயு, மின்கம்பிகளை அடையாளமிட 'ஒன்ராறியோ வன் கோல்' சேவையை ஒரு வாரத்துக்கு முன்பே அழைக்க வேண்டும். இலவசம், ஆனால் சட்டப்படி கட்டாயம்.

குழி: சட்டியைவிட இரண்டு மடங்கு அகலம், ஆழம் சட்டியளவே. சட்டியில் இருந்த மட்டத்துக்குமேல் தண்டைப் புதைக்கக் கூடாது.

மூடாக்கு: மரச்சில்லு மூன்று அங்குலக் கனம். தண்டைத் தொடாமல் ஒரு கையளவு இடம் விட வேண்டும்.

பசளை: வசந்தத்தில் நன்கு மக்கிய கூட்டெரு. ஜூலைக்குப் பிறகு பசளை இட்டால் இளங்கொப்பு முற்றாமல் குளிரில் கருகும்.

தண்ணீர்: முதல் இரண்டு கோடையும் வாரம் ஒருமுறை வேர்வரை இறங்கும்படி.

கத்தரிப்பு: முதல் மூன்று வருடம் முறிந்ததையும் செத்ததையும் மட்டும். பிறகு மாரி முடிவில், மிகப் பழைய கொப்புகளை அடியோடு எடுத்து நடுவைத் திறந்துவிட வேண்டும். ஒரே வருடத்தில் கால்வாசிக்குமேல் வெட்டக் கூடாது.

பங்காளிகள்

மூன்றாவது வருடம் முதல் பழம். அதை முதலில் ருசி பார்ப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் அல்லர்.

ரொபின் ஒவ்வொன்றாகக் கொத்தும். சீடர் வக்ஸ்விங் என்னும் கொண்டைக்குருவி கூட்டமாக வந்து இறங்கும். காலையில் சிவந்து நின்ற செடி மத்தியானம் பச்சையாகிவிடும். பளபளக்கும் தகடு, பிளாஸ்டிக் ஆந்தை எல்லாம் இரண்டு நாள் வேடிக்கை. வலை ஒன்றே வழி. அதையும் செடிமேல் வெறுமனே எறிந்தால் குருவி கால் சிக்கிச் சாகும். ரொபின் உள்ளிட்ட வலசைப் பறவைகளுக்குத் தீங்கு செய்வது 1994ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டப்படி கனடாவில் குற்றம். நாலு கம்பு நட்டுச் சட்டம்போலக் கட்டி, கண் சிறிய வலையை இறுக்கி, அடியில் கல் வைத்து மூட வேண்டும். பழம் மஞ்சளிலிருந்து சிவப்புக்குத் திரும்பும்போதே மூட வேண்டும்; குருவிக்கு ஒருதரம் வழி தெரிந்தால் மறக்காது.

பறவையாவது கண்ணுக்குத் தெரிகிறது. செர்ரிப் பழ ஈ தெரிவதில்லை. பழம் பழுக்கத் தொடங்கும்போது பெண் ஈ உள்ளே முட்டையிடும். புழு சதையைத் தின்று, வெளியேறி, நிலத்தில் விழுந்து சில சென்ரிமீற்றர் ஆழத்தில் கூடாக மாரியைக் கழிக்கும். அடுத்த ஜூனில் அதே செடியின் அடியிலிருந்து எழும்பும். வருடத்துக்கு ஒரு தலைமுறைதான் என்பதால் இந்தச் சங்கிலியை வீட்டில் வெட்ட முடியும்: விழுந்த பழத்தைக் கிடக்க விடாமல் பொறுக்குவது, செடியின் அடியில் துணி விரித்து ஈ மேலே வராமல் தடுப்பது, மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுவது. ஐரோப்பாவில் பழகிய இன்னொரு செர்ரிப் பழ ஈ 2016இல் மிசிசாகாவில் கண்டுபிடிக்கப்பட்டது. வட அமெரிக்காவில் அது உறுதிசெய்யப்பட்டது அதுவே முதல்முறை. அதன்பின் ஒன்ராறியோச் செர்ரிமேல் அதிகாரிகளின் கண் விழுந்தது. வீட்டுப் பழத்தை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி அமெரிக்க உறவினர் வீட்டுக்குப் புறப்படுமுன் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதைவிடக் கெட்டிக்காரி புள்ளிச்சிறகு டிரோசோபிலா. ஆசியாவிலிருந்து வந்த இந்தச் சின்ன ஈ பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2009இலும் ஒன்ராறியோவில் 2010இலும் தென்பட்டது. மற்ற டிரோசோபிலா ஈக்கள் பெரும்பாலும் அழுகியதை நாடும். இதன் பெண்ணுக்கு வால்முனையில் ரம்பம் போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனால் நல்ல பழத்தின் தோலையே அறுத்து முட்டை வைக்கும். ஒரு கோடையில் பல தலைமுறை. கோடை முற்ற முற்றக் கூட்டம் பெருகும் என்பதால் ஜூலையில் பழுக்கும் ரகம் ஓரளவு தப்பும், ஓகஸ்ட் ரகம் மாட்டிக்கொள்ளும். சந்தேகம் என்றால் ஒரு பிடி பழத்தை உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டுவிட்டுப் பார்க்கலாம். புழு இருந்தால் வெளியே மிதந்து வரும். பார்த்தவர் அன்றைக்குச் செர்ரி தின்னமாட்டார் என்பது வேறு விஷயம்.

பிறகு ரொறன்ரோவின் ரக்கூன். அதைத் தடுக்க வழி கண்டுபிடித்தவர் இன்னும் தோட்டக் கட்டுரை எழுதவில்லை. மாரியில் முயலும் வயல் எலியும் வரும். தண்டைச் சுற்றி அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை, பனி ஏறும் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, நவம்பருக்குள் கட்டினால் போதும்.

மிக்ஸிக்குள் கொட்டை வேண்டாம்

செர்ரிக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் உண்டு. அது நசுங்கிக் கரைந்தால் உடலில் சயனைட் உண்டாகும். தவறி ஒரு கொட்டையை முழுதாய் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். பயம் அரைப்பதில்தான். பழத்தை மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று அடித்து வடித்துக் குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. செர்ரிக்கு அது ஆகாது. கொட்டை நீக்கிவிட்டு அடிக்க வேண்டும், அல்லது அடிக்காமல் குறைந்த சூட்டில் வேகவைத்துத் துணியில் பிழிய வேண்டும். வெட்டிய கொப்பும் வாடிய இலையும் ஆடு மாட்டுக்கு இதே காரணத்தால் நஞ்சு. ஸ்காபரோவில் ஆடு இல்லை. பண்ணை வைத்திருக்கும் நண்பருக்குக் கொப்பு வெட்டிக் கொடுக்க நினைப்பவருக்கு இந்த எச்சரிக்கை.

புளிப்பு தெரிந்த நாக்கு

கிரிம்சன் பாஷன் பழத்தின் இனிப்பை அளந்தால் 20 பிரிக்ஸுக்குமேல் போகும். கடையில் விற்கும் இனிப்புச் செர்ரிக்கு அது குறைவே இல்லை. ஆனாலும் புளிக்கும், ஏனென்றால் அமிலமும் அதே அளவுக்குக் கூடுதல். சிவந்தவுடன் பறிப்பவர் ஏமாந்துபோவார். நிறம் கறுக்கும்வரை, இன்னும் பத்துப் பதினைந்து நாள், செடியிலேயே விட வேண்டும். வலை இறுக்கமாக இருந்தால்தான் அந்தப் பொறுமைக்கு அர்த்தமுண்டு.

வட அமெரிக்கக் கடைகள் புளிப்பை ஒதுக்கி வைத்திருக்கின்றன. புளிப்புச் செர்ரி பெரும்பாலும் டப்பாவிலும் உறைபெட்டியிலும்தான் கிடைக்கும். ஆனால் ரொறன்ரோவில் வாழும் ஈரானியருக்கு 'ஆல்பாலு' இல்லாமல் கோடை இல்லை; சோற்றோடு சேர்த்துச் சமைப்பார்கள். ஹங்கேரியர் குளிர்ந்த சூப் வைப்பார்கள். உக்ரேனியர் கொழுக்கட்டைபோல மாவுக்குள் வைத்து அவிப்பார்கள். பிரெய்ரிச் சமவெளியில் 1890களிலிருந்து குடியேறிய உக்ரேனியருக்கு வீட்டு வாசலில் செர்ரி நிற்பது பிறந்த ஊரின் வழக்கம். சஸ்காச்சுவான் செடிகளை அவர்கள் வளவுகளில் கண்டால் ஆச்சரியமில்லை.

தமிழ்ச் சமையலுக்கும் இது அந்நியமான ருசியல்ல. அரைநெல்லியை உப்பும் தூளும் தொட்டுத் தின்ற நாக்கு, பாதி பழுத்த வலன்டைனை உடனே அடையாளம் காணும். கொட்டை நீக்கி, உப்பில் ஒருநாள் ஊறவைத்து, நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்துத் தூள் போட்டால் ஊறுகாய். சீனியும் செத்தல் மிளகாயும் இஞ்சியும் சேர்த்து வற்றவைத்தால் சட்னி. ஜாமுக்கும் பைக்கும் செலவானது போக மிஞ்சியதைக் கொட்டை நீக்கி உறைபெட்டியில் வைத்தால் மாசி வரை கிடக்கும்.

பெட்டிச் செய்தி: யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ வைக்கலாமா?

முடியாது. புளிப்புச் செர்ரியின் மொட்டு விழிக்க, 7 பாகைக்குக் கீழே ஏறத்தாழ ஆயிரம் மணி நேரக் குளிர் வேண்டும். நுவரெலியாவின் குளிரும் இதற்குப் போதாது. இந்தியாவில் செர்ரி பெரும்பாலும் காஷ்மீரிலிருந்து வருவது இதனால்தான்.

தமிழ்நாட்டு நாற்றுப் பண்ணைகளில் 'செர்ரி' என்று விற்பது பெரும்பாலும் பார்படோஸ் செர்ரி. மேற்கிந்தியத் தீவுகள் பக்கத்துப் புதர். செர்ரிக்கு உறவே இல்லை. ஆனால் வைட்டமின் சி நிறைந்தது: 100 கிராம் பழத்தில் ஆயிரம் மில்லிகிராமுக்குமேல். வெயிலில் நன்றாகக் காய்க்கும். மொட்டைமாடித் தொட்டியிலும் வரும்.

இலங்கையில் 'ஜாம் பழம்' என்று பிள்ளைகள் பொறுக்கும் சின்னச் சிவப்புப் பழத்தை ஆங்கிலத்தில் ஜமைக்காச் செர்ரி என்கிறார்கள். அதுவும் செர்ரி அல்ல.

பேக்கரி கேக்கின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் செர்ரி? இந்தியாவில் அது பல இடங்களில் களாக்காய். கொட்டை எடுத்து, சாயம் ஏற்றி, சீனிப்பாகில் ஊறவைத்தது.

ஓகஸ்டில் வெறும் செடி

ஓகஸ்ட் நடுவில் கடைசி ரகமும் பறித்து முடிந்திருக்கும். வலை மடித்துக் கராஜுக்குள் போய்விடும். செடியில் பச்சை இலையைத் தவிர ஒன்றும் இல்லை. சில இலைகளில் ஜப்பான் வண்டு தின்ற சல்லடை ஓட்டை. வெயில் கொளுத்தும். புல்லும் காய்ந்து கிடக்கும். பழமே இல்லாத செடிக்கு யார் தண்ணீர் விடுவார் என்று குழாயைச் சுருட்டி வைப்பவர்கள்தான் அதிகம்.

ஆனால் அடுத்த மேயில் விரியப்போகும் பூவின் மொட்டு, இலையின் கக்கத்தில் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. இந்தக் காய்ச்சலில் செடி வாடினால் அந்த மொட்டு குறையும். அடுத்த வருடம் காய்ப்பு ஏன் குறைந்தது என்று வசந்தத்தில் தேனீயையும் குளிரையும் குறைசொல்லிக்கொண்டு நிற்பார்கள். தெரிந்தவர் வாரத்தில் ஒரு பின்னேரம் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, வெறும் செடியின் அடியில் மெல்லத் திறந்துவிட்டு, பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அயலவர், பழம் முடிந்த செடிக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்பார்.